எல்லைக் கரையில் விழிஞ்ஞம்

விழிஞ்ஞத்தை இன்று பெரும் சரக்குத் துறைமுகமாகவே நாம் அறிகிறோம். 2025 மே 2ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எனினும் இவ்வூரின் வரலாற்றை, பக்கத்திலுள்ள பழைய மீன்பிடித் துறையிலிருந்து படிப்பதே தகும் என்பது எம் கருத்து.

ஆய் மன்னர்களின் துறைமுகமான விழிஞ்ஞம், சேரர்க்கும் பாண்டியர்க்கும் இடைப்பட்ட எல்லை நிலம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் இதனை அழித்த செய்தியைச் சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. பின்னர் சோழர் கைக்கு மாறி இராசேந்திர சோழப்பட்டினம் ஆயிற்று. பெயர்கள் போயின; மக்கள் புழங்கிய பொருள்கள் மண்ணில் தங்கின. கேரளப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் மேலை ஆசிய, சீன மட்கல ஓடுகள் கிடைத்துள்ளன.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்துடன் இணைந்தன. விழிஞ்ஞம் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கடலோரமாகச் சென்றால் பொழியூரோடு கேரளம் முடிந்து, நீரோடியில் தமிழ்நாடு தொடங்குகிறது. இருபுறத்து மீனவர்க்கும் தொழில் ஒன்று. பேச்சிலும் பாதி ஒன்று.

கட்டுமரம் என்பது கயிற்றால் பிணைத்த சில மரத்துண்டுகளே. கரையேறியதும் கட்டவிழ்த்து உலர்த்துவர். நீர் ஊறிய மரம் மிதப்பை இழக்கும். கடலடிப் பாறைகளில்தான் மீன் மிகுதி. அவ்விடத்தை மீண்டும் கண்டடையக் கணியம் பார்ப்பர்: கரையோரத்துத் தேவாலயக் கோபுரம் ஒன்றையும் அதற்குப் பின்னே தொலைவில் தெரியும் மலைமுகட்டையும் நேர்கோட்டில் நிறுத்துவர், வேறு திசையில் இன்னும் ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடமே பாறை. ஏட்டில் எழுதாமல் தந்தை மகனுக்குக் காட்டிய சொத்து இது. கண்ணாடியிழைப் படகும் ஜி.பி.எஸ். கருவியும் வந்தபின் அதனைக் கற்பவர் அருகிவிட்டனர்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், எல்லைக்கு இருபுறமும் மீனவர் உயிர்களைக் கொண்டுசென்றது. விழிஞ்ஞத் துறையில் பெண்கள் கடலைப் பார்த்து நாள்கணக்கில் காத்திருந்தனர். 2022இல், துறைமுகப் பணியால் கரை அரிக்கப்படுகிறது என்று மீனவர் நூறு நாள்களுக்கு மேல் போராடினர். அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்பது எதிர்த்தரப்பின் வாதம். எவ்வாறாயினும் வடக்கே வலியதுறையில் வீடிழந்த குடும்பங்கள் சில, ஆண்டுக்கணக்கில் சிமெண்டுக் கிடங்கில் துணித்தடுப்புகளுக்கிடையே வாழ்ந்தன. அங்கே மரம் உலர்த்தக் கரை ஏது?