‘ஸ்போர்ட்டி’ கார் ஆசை: தினசரி ஓட்டத்திற்கும் சம்பளத்திற்கும் ஒத்துவருமா?

மகனுக்கு முதல் வேலை கிடைத்துச் சில மாதம் ஆனதும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். மகன் கைப்பேசியில் ஒரு சிவப்புக் காரைக் காட்டுவார். பின்னால் சிறகு, கறுப்பு ரிம், இருக்கையில் சிவப்பு நூல் தையல். “சாகா, பெஸ்ஸா எல்லாம் எல்லாரும் ஓட்டுறாங்கப்பா” என்பார். அப்பா விலையைப் பார்ப்பார். பிறகு, “ஜாமீன் கையெழுத்து யார் போடணும்?” என்று கேட்பார்.

ஆசை தவறில்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்திற்கு வேலைக்கு வருபவருக்கும், இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கும் கார் ஆடம்பரப் பொருளல்ல. தினமும் ஓட்டும் வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என நினைப்பதும் நியாயமே. ஆனால் ‘ஸ்போர்ட்டி’ என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் பணம் இயந்திரத்திற்குப் போகிறதா, தோற்றத்திற்குப் போகிறதா என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சந்தையில் என்ன இருக்கிறது?

70 ஆயிரம் வெள்ளி முதல் ஒரு லட்சம் வெள்ளிக்குள் நம்மவர்கள் அதிகம் விசாரிக்கும் செடான் கார்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை காப்புறுதி சேராத அறிமுக விலைகள். வாங்கும் நாளில் உள்ள விலையை ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரோட்டோன் எஸ்70, 2023 நவம்பரில் 73,800 முதல் 94,800 வெள்ளி வரை நான்கு ரகங்களில் வந்தது. 1.5 லிட்டர் டர்போ இயந்திரம், 150 குதிரைத்திறன், 226 நியூட்டன் மீட்டர் இழுவிசை.

ஹோண்டா சிட்டியின் புதுப்பிக்கப்பட்ட மாடல் 2023 ஆகஸ்டில் வந்தது. டர்போ இல்லாத 1.5 லிட்டர் இயந்திரம், 121 குதிரைத்திறன், 145 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் ரகங்கள் 84,900 முதல் 99,900 வெள்ளி வரை. அவற்றில் உச்ச ரகம்தான் ‘ஆர்எஸ்’.

தொயோத்தா வியோஸ், 2023 மார்ச்சில் 89,600 வெள்ளிக்கும் 95,500 வெள்ளிக்கும் இரண்டு ரகங்களில் அறிமுகமானது. அதுவும் 1.5 லிட்டர்தான். 106 குதிரைத்திறன், 138 நியூட்டன் மீட்டர்.

மூன்றுமே 1.5 லிட்டர் வகுப்பு என்பதால் தீபகற்பத்தில் தனியார் காருக்கான சாலை வரி மூன்றுக்கும் ஒன்றுதான்: ஆண்டுக்கு 90 வெள்ளி. இந்த வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுகிறது, குதிரைத்திறனைப் பார்த்து அல்ல. ஆகவே டர்போ கார் என்றால் சாலை வரி கூடும் என்ற பயம் இங்கே தேவையில்லை.

தோற்றம் வேறு, ஓட்டம் வேறு

சிட்டி காரையே பாருங்கள். 94,900 வெள்ளி ‘வி’ ரகத்திற்கும் 99,900 வெள்ளி ‘ஆர்எஸ்’ பெட்ரோல் ரகத்திற்கும் 5,000 வெள்ளி வித்தியாசம். இரண்டிலும் அதே 121 குதிரைத்திறன் இயந்திரம், அதே சிவிடி கியர்தான். கூடுதல் பணம் பெரும்பாலும் முகப்பு, பின்சிறகு, உள்ளலங்காரம் போன்றவற்றிற்குப் போகிறது. அது பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ‘ஆர்எஸ் என்றால் வேகமாக ஓடும்’ என்று நம்பி மட்டும் வாங்க வேண்டாம்.

உண்மையான வேறுபாடு இழுவிசையில் தெரியும். குதிரைத்திறன் காரின் உச்ச வேகத்திற்கு உதவுகிறது. ஆனால் பிளஸ் நெடுஞ்சாலையிலேயே சட்டம் அனுமதிப்பது மணிக்கு 110 கிலோமீட்டர்தான். அதற்கு இந்த மூன்று கார்களும் போதும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம் ஏறும்போதோ, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகும்போதோ, ஒற்றைத் தடச் சாலையில் செம்பனைக் குலை லோரியை முந்தும்போதோ தேவைப்படுவது இழுவிசை.

டர்போ இயந்திரம் அந்த இழுவிசையைக் குறைந்த சுழற்சியிலேயே கொடுத்துவிடும். டர்போ இல்லாத இயந்திரம் முழு இழுவிசையைக் கொடுக்கச் சுழற்சி ஏற வேண்டும். சிட்டியில் அது நிமிடத்திற்கு 4,300 சுழற்சியில் கிடைக்கிறது. அதனால்தான் ஏற்றத்தில் எண்ணெயை அழுத்தும்போது சத்தம் முதலில் வருகிறது, வேகம் பிறகு வருகிறது. இது பழுது அல்ல, அந்த அமைப்பின் இயல்பு. வாரம் ஒருமுறை மலையேறுபவருக்கு இது பெரிய விஷயம். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டரில் உள்ள தொழிற்சாலைக்குப் போய்வருபவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

கியர்: நெரிசலில்தான் சோதனை

எஸ்70 அறிமுகமானபோது அதில் இருந்தது ஏழு வேக இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர். சிட்டியிலும் வியோசிலும் உள்ளவை சிவிடி.

இரட்டைக் கிளட்ச் கியரை, கிளட்ச் மிதிக்கும் வேலையைக் கணினி செய்யும் மேனுவல் கியர் என்று நினைத்துக்கொள்ளலாம். வேகமாகக் கியர் மாறும், நெடுஞ்சாலையில் உற்சாகமாக இருக்கும். ஆனால் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை ஏழரை மணிக்கு அங்குலம் அங்குலமாக நகரும்போது, பழகாதவருக்குச் சிறு தடுமாற்றம் தெரியலாம். இந்தக் கியர் உள்ள காரை மேட்டில் நிறுத்தும்போது எண்ணெய்ப் பெடலை இலேசாக அழுத்திப் பிடித்து நிற்க வைக்காதீர்கள். கிளட்ச் சூடாகித் தேயும். பிரேக்கை மிதித்து நிற்பதே சரி.

சிவிடியில் கியர் மாறும் உதறல் இல்லை. நெரிசலில் வழுக்கிக்கொண்டு போகும், பெட்ரோலும் மிச்சமாகும். ஓட்டத்தில் விறுவிறுப்பு மட்டும் குறைவு. எந்த வகையானாலும் பராமரிப்புப் புத்தகத்தில் சொல்லியுள்ள காலத்தில் கியர் எண்ணெயை மாற்றுங்கள். அதில் மிச்சம் பிடிக்கும் சில நூறு வெள்ளி, பிறகு பட்டறையில் பல ஆயிரமாகத் திரும்பக் கேட்கும்.

டயரும் தோட்டத்துச் சாலையும்

கடைசிப் பத்து நிமிடம் செம்மண் சாலையிலோ குழி விழுந்த கம்பத்துச் சாலையிலோ ஓடும் கார் என்றால், ரிம் அளவைக் கட்டாயம் பாருங்கள். பொதுவாக ஒரே காரின் விலை உயர்ந்த ரகத்தில் ரிம் பெரிதாகவும் டயரின் பக்கச்சுவர் மெலிந்தும் இருக்கும். சிட்டியின் கீழ் ரகங்களில் 15 அங்குல ரிம், மேல் ரகங்களில் 16. மெலிந்த டயர் வளைவில் உறுதியாக நிற்கும். ஆனால் குழியில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்கும் அப்சோபருக்கும் போகும். நான்கு டயரையும் மாற்றும் நாளில் பெரிய அளவுக்குக் கூடுதல் பணமும் போகும்.

காரைத் தாழ்த்துவது, ஸ்பிரிங் மாற்றுவது, சத்தமாக ஒலிக்கும் எக்ஸாஸ்ட் பொருத்துவது போன்றவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேபிஜே சம்மனோடு அது முடிந்துவிடாது. தொழிற்சாலை உத்தரவாதம் பாதிக்கப்படலாம். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டிற்கே தடையாகலாம்.

பாட்டியை உட்கார வையுங்கள்

கார் ஓட்டப்போவது ஒருவர், அதில் போகப்போவது குடும்பம். செடான் காரின் இருக்கை பொதுவாகத் தாழ்வாக இருக்கும். முட்டிவலி உள்ள பாட்டியால் பின்னிருக்கையிலிருந்து எழுந்து வெளியே வர முடிகிறதா? கூரைச் சரிவில் தலை இடிக்கிறதா? தைப்பூசத்திற்குப் பத்துமலை போகும்போது பால்குடம், சாப்பாட்டுக் கூடை, குழந்தையின் தள்ளுவண்டி எல்லாம் பூட்டில் அடங்குமா? கேஸ் தோங் நிமிர்ந்து நிற்குமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிட்டியின் பூட் 519 லிட்டர். அதைவிடப் பல ஆயிரம் வெள்ளி விலை குறைந்த பெரொடுவா பெஸ்ஸாவின் பூட் 508 லிட்டர். சாமான் ஏற்றுவதற்காக மட்டும் யாரும் பெரிய காருக்குப் போக வேண்டியதில்லை.

பாதுகாப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னால் இருக்கும் வாகனத்தைக் கண்டு தானே பிரேக் போடும் வசதி, ஷிப்ட் முடிந்து களைப்போடு ஓட்டுபவரின் உயிரைக் காக்கக்கூடியது. 2023 சிட்டியில் இது எல்லா ரகத்திலும் உள்ளது. எஸ்70 அறிமுகமானபோது உச்ச ரகத்தில் மட்டுமே இருந்தது. கூடுதல் பணம் கொடுப்பதாக இருந்தால் பின்சிறகைவிட இதற்குக் கொடுப்பது மேல். நீங்கள் கேட்கும் ரகத்தில் இந்த வசதி உண்டா, எத்தனை காற்றுப் பைகள் உண்டு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோலா, தவணையா?

‘டர்போ பெட்ரோல் குடிக்கும்’ என்பது நம்மிடையே உள்ள பெரிய பயம். கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஒரு கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்றால் 100 லிட்டர் வேண்டும். இன்னொன்று 12 கிலோமீட்டர்தான் தருகிறது என்றால் 125 லிட்டர். 2025 செப்டம்பர் 30-ஆம் தேதி பூடி95 திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு ரோன்95 விலை லிட்டருக்கு 1.99 வெள்ளி. அந்த விலையில் வித்தியாசம் மாதம் 50 வெள்ளிதான்.

உண்மையான சுமை தவணை. 90,000 வெள்ளி கார், 10 விழுக்காடு முன்பணம், 81,000 வெள்ளி கடன், ஒன்பது ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி என்றால் வட்டி மட்டும் 21,870 வெள்ளி. மாதத் தவணை சுமார் 952 வெள்ளி. இதே கணக்கில் 50,000 வெள்ளி காருக்குத் தவணை சுமார் 529 வெள்ளிதான். மாதம் 423 வெள்ளி வித்தியாசம், ஒன்பது ஆண்டில் 45 ஆயிரம் வெள்ளிக்கு மேல்.

மாதச் சம்பளம் 3,500 வெள்ளி என்றால் சேமநிதி, சொக்சோ கழிந்து கையில் வருவது ஏறக்குறைய 3,090. அந்த 90 ஆயிரம் வெள்ளி காருக்கு, தவணை 952, பெட்ரோல் 250, மாதத்திற்குப் பிரித்துப் பார்த்தால் காப்புறுதியும் சாலை வரியும் 200, சர்வீசும் டயரும் 150, டோல் 100 என்று போட்டால் 1,652 வெள்ளி. கையில் வரும் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் மிச்சத்தில் நடக்க வேண்டும். ஓவர்டைம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடாதீர்கள். ஓவர்டைம் நின்றாலும் தவணை நிற்காது.

முதல் கார் வாங்குபவருக்குக் காப்புறுதியில் ‘என்சிடி’ கழிவு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்குப் பிறகு 25 விழுக்காடு கழிவு, பிறகு படிப்படியாக ஏறி 55 விழுக்காடு. எனவே முதல் ஆண்டில்தான் காப்புறுதி பாரம் அதிகம்.

ஜாமீன் போடும் அப்பாவுக்கு

தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் காரை இழுத்துச் செல்ல 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் வழி தருகிறது. காரின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இழுக்க முடியாது. கார் ஏலத்தில் போன பிறகும், விற்ற விலை கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியைக் கட்ட வேண்டியவர் வாங்கியவரே. அவர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவரிடம் கேட்பார்கள். தோட்டத்தில் முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணம் மகனின் கார்க் கடனுக்குப் போன கதைகள் நம் சமூகத்திற்குப் புதிதல்ல. கையெழுத்துப் போடும் முன் மகனும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து மேலே உள்ள கணக்கைத் தங்கள் எண்களோடு ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளில்

ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டுவது சோதனை ஓட்டம் ஆகாது. முடிந்தால் நீங்கள் தினமும் போகும் சாலையிலேயே ஓட்டக் கேளுங்கள். நான்கு பேரை ஏற்றி ஒரு மேட்டில் நிறுத்திக் கிளப்புங்கள். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிப் பாருங்கள், அடி தட்டுகிறதா என்று. நெரிசலில் பத்து நிமிடம் நகருங்கள். வானொலியை அணைத்துவிட்டு 90 கிலோமீட்டர் வேகத்தில் டயர் சத்தத்தைக் கேளுங்கள். பின்னிருக்கையில் இருந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

நம் கருத்து இதுதான். மலைச்சாலையும் நெடுஞ்சாலையும் அதிகம் ஓட்டுபவர், கார்ச் செலவு மொத்தமும் கையில் வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவர், டர்போ காரை மகிழ்ச்சியாக வாங்கலாம். கொடுத்த பணம் தினமும் காலுக்குக் கீழே தெரியும். நகரத்து நெரிசலே வாழ்க்கை என்றால் சிவிடி கார் போதும், ‘ஆர்எஸ்’ முத்திரை விருப்பம் மட்டுமே. கணக்கு இடிக்கிறது என்றால் சாகாவோ பெஸ்ஸாவோ வாங்கி, ஐந்து ஆண்டில் கடனை அடைத்துவிட்டு, அடுத்த காரைப் பெரிய முன்பணத்தோடு வாங்குங்கள். அப்போது அந்தச் சிவப்புக் காருக்கு அப்பாவின் கையெழுத்து தேவைப்படாது.