சாயம் போச்சு, விலை ஏறிச்சு!
அமெரிக்காவைக் கலக்கிய நம்ம ஊர் கட்டம்

தி.நகர் ரங்கநாதன் தெருவில் பளிச்சென்று கட்டம் போட்ட சட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூட வந்தவர் சும்மா இருக்க மாட்டார். "என்னப்பா இது, லுங்கியை வெட்டிச் சட்டை தச்ச மாதிரி இருக்கே!" என்பார். எடுத்தவருக்கு முகம் சுருங்கிவிடும். சட்டை மறுபடி அலமாரிக்குப் போகும். வெள்ளையோ, வெளிர் நீலமோ வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்.

அதே கட்டம் அமெரிக்காவில் ராஜ மரியாதை பெறுகிறது!

மார்ச் மாதம் பிறந்து பனி விலகியதும் அங்கே வசந்த காலம். குளிருக்குப் போட்ட கறுப்பு, சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டுகள் பெட்டிக்குள் போகும். கலர் கலராகத் துணி வெளியே வரும். சிவப்பு, மஞ்சள், கருநீலம், பச்சை என்று கண்ணைப் பறிக்கும் கட்டங்கள், கோடுகள், பூக்கள். அதில் பல்லாண்டு காலமாக முன்வரிசையில் நிற்கும் கட்டத்துக்கு அங்கே பெயர், "மெட்ராஸ்".

ஆமாம், நம்ம மெட்ராஸ்தான். நகரத்தின் பெயர் 1996-ம் ஆண்டு சென்னை என்று மாறிவிட்டது. சட்டையின் பெயர் மட்டும் மாறவில்லை.

இந்தச் சட்டை அமெரிக்காவில் பெயர் வாங்கியதற்குப் பின்னால் ஒரு வக்கீல் நோட்டீஸ் கதை இருக்கிறது.

10 ஆயிரம் கஜம்

1958-ம் ஆண்டு. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் பம்பாய் வந்தார். அங்கே அவர் சந்தித்தது கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயரை. கேரளத்துக் கண்ணூர்க்காரர். ராணுவத்தில் இருந்துவிட்டுக் கைத்தறித் துணி ஏற்றுமதியில் இறங்கியவர். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களைக் கட்டியவரும் இவரே.

நாயர் காட்டிய கட்டம் போட்ட கைத்தறித் துணி ஜேக்கப்சனுக்குப் பிடித்துவிட்டது. இலை, வேர், மஞ்சள் என்று போட்ட சாயம். துணியில் நல்லெண்ணெய் வாசம் வேறு. முகர்ந்து பார்த்தே மயங்கிவிட்டாராம். கஜம் ஒரு டாலர் என்று பேசி முடித்தார்கள்.

நாயர் அப்போதே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "இது சாயம் விடும் துணி. பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும். மெஷினில் போட்டு அடிக்கக் கூடாது" என்பதுதான் அது.

ஜேக்கப்சன் தலையை ஆட்டினார். ஊருக்குப் போய் 10 ஆயிரம் கஜத்தை நியூயார்க்கில் உள்ள பிரபல "புரூக்ஸ் பிரதர்ஸ்" கடைக்கு விற்றார். 1818-ல் தொடங்கிய கடை. பெரிய மனிதர்கள் படியேறும் இடம். துணியை விற்றவர், கூடவே சொல்ல வேண்டிய அந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

வந்தது வினை. துணி சட்டையானது, கோட்டானது. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாஷிங் மெஷினில் சோப்புப் பொடியோடு போட்டார்கள். மெஷினைத் திறந்தால் சிவப்பு மஞ்சளில் ஏறியிருந்தது. நீலம் பக்கத்துத் துணியில் ஏறியிருந்தது. கடை வாசலில் புகார்கள் குவிந்தன. கடைக்காரர்கள் கொதித்தார்கள். வழக்குப் போடுவோம் என்று வக்கீல் மூலம் மிரட்டல் வந்தது. நாயர் விமானம் ஏறி அமெரிக்கா போக வேண்டியதாயிற்று.

பழி ஒன்று, பாட்டு வேறு

இந்த இடத்தில் சாதாரண வியாபாரியாக இருந்தால் காலில் விழுந்திருப்பார், அல்லது நஷ்ட ஈடு கொடுத்துக் கணக்கை முடித்திருப்பார். நடந்தது வேறு. "செவன்டீன்" என்ற பத்திரிகை. பருவப் பெண்கள் விரும்பிப் படிப்பது. அதன் ஆசிரியரிடம் நாயரைக் கூட்டிப்போய்ப் பேட்டி கொடுக்க வைத்தார்கள். இந்தியாவில் கையால் நெய்த அதிசயத் துணி இது, ஒவ்வொரு முறை அலசும்போதும் சாயம் கொஞ்சம் விடும், நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலக்கும், புதுத் துணி போலப் புது நிறம் காட்டும் என்று பேட்டி வெளியானது. துணிக்குக் கிடைத்த பெயர், "ரத்தம் கசியும் மெட்ராஸ்"!

படித்தவர்கள் துணிக்குப் பறந்தார்கள். சாயம் போகிறது என்று திட்டியவர்கள் போய், சாயம் போகுமா என்று கேட்டு வாங்குகிறவர்கள் வந்தார்கள். "சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்" என்றே விளம்பரம் வந்தது. நம்ம ஊரில் அப்படி ஒரு போர்டு வைத்தால் கடைக்காரர் கதி என்னாகும்!

பேட்டியும் மிரட்டலும் நாயர் பிற்காலத்தில் அடிக்கடி சொல்லி மகிழ்ந்த சமாச்சாரங்கள். 2014-ல் காலமாகும் வரை இந்தக் கட்டத்தை அவர் மறக்கவில்லை. துணி வாங்கிய புரூக்ஸ் பிரதர்ஸ் கம்பெனி 2020-ல் திவால் மனு கொடுத்துக் கை மாறியது.

அந்தக் காலத்தில் மெட்ராஸ் சட்டை என்றால் பணக்கார வீட்டுப் பையன் என்று அர்த்தம். 1967-ல் அமெரிக்காவில் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற "தி அவுட்சைடர்ஸ்" நாவலில் பணக்காரக் கோஷ்டிக்கும் ஏழைக் கோஷ்டிக்கும் தெருச்சண்டை. பணக்காரக் கோஷ்டியின் அடையாளங்களில் ஒன்று மெட்ராஸ் சட்டை. இங்கே அதே கட்டத்தைக் கட்டிக்கொண்டு பெரிய கிளப்புக்குப் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள்!

இன்னொரு கூத்தும் உண்டு. பல கட்டத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுத் தைத்த கால்சட்டை, கோட்டு. அதற்கு விலை இன்னும் அதிகம். ஒட்டுப்போட்ட துணி நம்மிடம் வறுமைக்கு அடையாளம். அங்கே பகட்டுக்கு அடையாளம்.

சின்னத் தறிப் பேட்டை

நாயர் கெட்டிக்காரர்தான். ஆனால் சாயத்தொட்டியில் கைவிட்டவன், தறிக்குழியில் கால்விட்டவன் பெயர் இந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை. சாயம் போகும் என்பதை முதலில் அறிந்தவன் அவன். எப்படி அலச வேண்டும் என்று சொல்லி அனுப்பியதும் அவன் வித்தைதான். நடுவில் இருந்தவர்கள் அதை விழுங்கிவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் சென்னையே துணிக்காக உருவான ஊர். 1639-ல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையில் இடம் பிடித்தது இங்கே நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் என்ற கணக்கில்தான். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் அதற்கு முன்பே உட்கார்ந்து துணி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மலேசியாவில் இன்றும் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்குப் "பெலிக்கட்" என்று பெயர். பழவேற்காடுதான் அப்படித் திரிந்தது.

கம்பெனிக்காரர்கள் நெசவாளிகளைக் கொண்டுவந்து நகரத்துக்குப் பக்கத்திலேயே குடிவைத்தார்கள். கவர்னர் ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் உண்டானது காலெட் பேட்டை. இன்றைய காலாடிப்பேட்டை. 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் கரையில் ஏற்பட்டது சின்னத் தறிப் பேட்டை. நெய்கிறவர், நூற்கிறவர், சாயம் போடுகிறவர் எல்லோருக்கும் அங்கே மனை கொடுத்தார்கள். இன்று சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரெயில் போகிறது, மீன் மார்க்கெட் இருக்கிறது. தறி பேரில் மட்டும் இருக்கிறது.

அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலைக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல், தன் பெயரில் வியாபாரம் செய்தார் என்ற புகாரில் பதவி இழந்தவர். 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு 9 பொதிச் சரக்கு அனுப்பினார். துணிமணிகளும் அதில் இருந்தன. விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது.

கல்யாணம் ஆச்சா? தலைத்துணி சொல்லும்!

அமெரிக்காக்காரன் இதை வசந்த காலத்துக்கு மட்டும் வைத்திருக்கிறான். வேறு சில இடங்களில் பிறப்பு முதல் இறப்பு வரை இந்தத் துணிதான்.

நைஜீரியாவில் கலபாரி என்ற ஜனங்கள் இதை "இஞ்சிரி" என்கிறார்கள். கெட்டியான சிவப்பும் கருநீலமும் கலந்த கட்டம் அவர்களுக்கு உசத்தி. குழந்தை பிறந்தாலும் இது, பெரியவர் செத்தால் பிணம் வைக்கும் அறையை ஜோடிப்பதிலும் இது. பெண்கள் பிளேடால் சில இழைகளை அறுத்து உருவி, கட்டத்துக்குள் புதுக் கட்டம் உண்டாக்குகிறார்கள். நம்ம நெசவாளி வைத்த இழையை எடுத்துவிட்டு டிசைன் போடும் சாமர்த்தியம் அது.

மேற்கிந்தியத் தீவுகளில் மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா பக்கம் பெண்களின் விசேஷ உடையே மெட்ராஸ் கட்டம். தலையில் சுற்றிக் கட்டுவார்கள். முடிச்சில் ஒரு முனை தூக்கி நின்றால் மனசு காலி. இரண்டு நின்றால் நிச்சயம் ஆகிவிட்டது. மூன்று என்றால் கல்யாணம் ஆனவள். நான்கு என்றால்... "ஆனாலும் முயற்சி செய்யலாம்" என்று அர்த்தமாம்! மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் 1853-க்குப் பிறகு நம்ம ஊர்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்கு முன்பே இந்தத் துணி அங்கே போய் இறங்கிவிட்டது.

விசைத்தறி விளையாட்டு

இனி இந்த ஊர் நிலவரம். குறிஞ்சிப்பாடி, குடியாத்தம் என்று கைலிக்கும் லுங்கிக்கும் பேர்போன ஊர்கள் இருக்கின்றன. கட்டம் நெய்வது லேசான வேலை அல்ல. நூலுக்கு முன்கூட்டியே சாயம் போட வேண்டும். பாவில் இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை நீலம் என்று எண்ணி ஓட வேண்டும். ஊடையில் நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கை நின்று நாடாவை மாற்ற வேண்டும். ஒரு எண்ணிக்கை பிசகினால் கட்டம் கோணி, துணி தள்ளுபடி.

விசைத்தறியில் இது மளமளவென்று ஓடுகிறது. அதைவிட மோசம், வெள்ளைத் துணியில் கட்டத்தை அச்சடித்துத் தள்ளுவது. பாவும் இல்லை, கணக்கும் இல்லை.

சட்டம் இருக்கிறது. 1985-ல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு என்றே ஒதுக்கியது. விசைத்தறிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. முதலில் 22 ரகம் இருந்தது. பிறகு 11 ஆகக் குறைத்துவிட்டார்கள். லுங்கி அந்த 11-ல் உண்டு. மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று 1985-ல் வந்தபோது சட்டம் சொன்னது. திருட்டுச் சரக்கைப் பிடிக்கும் போலீஸ் ரசீது கேட்கும். லுங்கி வாங்குகிறவர் யாரும் அது எந்தத் தறியில் நெய்தது என்று கேட்பதில்லை. அதுதான் சட்டத்தை ஏய்ப்பவனுக்கு வசதி.

சட்டைத் துணிக்கும் ஆபத்து இதுவே. வெளிநாட்டுச் சட்டைச் சீட்டில் "மெட்ராஸ்" என்று அச்சாகியிருக்கும். அங்கே அது ஒரு கட்டத்தின் பெயராக ஆகிவிட்டது. இந்தப் பக்கத்துத் தறிக்கும் அந்தச் சட்டைக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

திருப்பிப் பார்

வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சாய நூலில் நெய்த துணிக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று பேதம் கிடையாது. இரண்டு பக்கமும் நிறம் ஒரே மாதிரி. அச்சடித்த துணி என்றால் பின்பக்கம் வெளுத்து நிற்கும். கைத்தறியா, விசைத்தறியா என்று கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். 2006 முதல் உள்ள கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். எழும்பூர் பாந்தியன் சாலையில் தலைமை அலுவலகம் உள்ள கோ-ஆப்டெக்ஸ் 1935 முதல் இதே வியாபாரத்தில் இருக்கிறது.

பங்குனி, சித்திரை வெயிலுக்கு இதைவிடத் தோதான துணி கிடையாது. மெல்லிய பருத்தி, காற்று புகும், வேர்வை இழுக்கும். பஸ்ஸில் நசுங்கி ஆபீசுக்குப் போகிறவருக்குக் கட்டத்தில் கசங்கலும் தெரியாது, டீக்கறையும் தெரியாது! பெரிய கட்டம் பயமாக இருந்தால் கீழே ஒற்றை நிற வேட்டியோ, பேண்ட்டோ போட்டால் சரியாகிவிடும். சேலைக்குக் கட்டம் என்றால் ஜாக்கெட்டில் வேண்டாம். அந்தக் கட்டத்தில் உள்ள ஏதாவது ஒரு நிறத்தில் வெட்டிக்கொள்ளலாம்.

முதல் தடவை தனியாகவே அலச வேண்டும். பச்சைத் தண்ணீர், ஒரு பிடி கல் உப்பு. ஊறப்போட்டு மறந்துவிடக் கூடாது. அடித்துத் துவைக்கக் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறப்போட்டால் மறுநாள் வீட்டில் நடக்கும் சண்டைக்குக் கடைக்காரர் பொறுப்பல்ல.