பல்பு நல்லாத்தான் இருக்கு... பெட்டிதான் போச்சு!

பிரான்ஸிலிருந்து லீவுக்கு வரும் சொந்தங்களின் சூட்கேஸில் முன்பெல்லாம் சென்ட் பாட்டில் இருக்கும். இப்போது ஸ்மார்ட் பல்பும் சென்சாரும் இருக்கின்றன. முதலியார்பேட்டை வீட்டில் இவற்றையெல்லாம் மேய்ப்பது 'ஹப்' என்கிற சின்னப் பெட்டி. அதைக் கம்பெனி கைவிட்டால்தான் தலைவலி. பிலிப்ஸ் ஹ்யூவின் 2012-ம் வருட வட்டப் பெட்டிக்கு 2020 ஏப்ரலோடு ஆதரவு நின்றது. அமெரிக்காவின் இன்ஸ்டியான், 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரையே அணைத்தது.

அதற்காக பல்பைத் தூக்கிப்போட வேண்டாம். பழைய ஹப் கொடுத்த ரகசியச் சாவியை அது நினைவில் வைத்திருக்கும். அதை மறக்கடித்தால்தான் புதியதோடு சேரும். ஹப் உயிரோடு இருக்கும்போதே டைமர்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, ஆப்பில் ஒவ்வொன்றாக நீக்குங்கள். ஹப் ஏற்கெனவே படுத்துவிட்டதா? ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக ரீசெட் செய்ய வேண்டும். பொறுமை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேலை!

புது ஹப்பில் முதலில் கரன்ட்டில் ஓடுபவற்றைச் சேருங்கள். சிக்னலை வாங்கி அடுத்த அறைக்குக் கடத்துபவை பெரும்பாலும் அவைதான். பேட்டரி சென்சார்கள் பிறகு.

வாங்கும் முன் ஒரு விஷயம். 'மேட்டர்' முத்திரை இருந்தாலே பழைய ஜிக்பீ பல்பு சேர்ந்துவிடாது. ஹப்புக்குள் ஜிக்பீ ரேடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், ஜிக்பீ எந்த நாட்டிலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும், பிரான்ஸ் பல்பும் சேரும். இசட்-வேவ் அப்படியில்லை. ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவில் 865. மாமா கொண்டுவந்த இசட்-வேவ் சென்சார், இந்திய அலைவரிசை ஹப்போடு பேசவே பேசாது.