உண்ணியை அரைத்து ஒரு தடுப்பூசி!

குட்டீஸ், பசுமாட்டின் காது மடலைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? உள்பக்கம் மிளகு ஒட்டியது போல உண்ணிகள் உட்கார்ந்திருக்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பழகிய காட்சி. ஆனால் கென்யா, தான்சானியா, உகாண்டா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில், மாட்டின் காதில் ஒரு வகைப் பழுப்பு உண்ணியைக் கண்டால் வளர்ப்பவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்!

காரணம், அந்த உண்ணி பரப்பும் 'கிழக்குக் கரைக் காய்ச்சல்'. 1900-களின் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்து தெற்கே கொண்டுபோன மாடுகளோடு இந்த நோயும் போனது. அதனால்தான் இந்தப் பெயர். நோயை உண்டாக்குவது தைலேரியா என்னும் ஒரு செல் உயிரி. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் அர்னால்டு தைலரின் நினைவாக வைத்த பெயர் அது. (இவருடைய மகன் மேக்ஸ் தைலர், மனிதர்களுக்கான மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951-ல் நோபல் பரிசு வாங்கியவர். நல்ல குடும்பம்தான்!)

உண்ணி கடித்ததும் கிருமி மாட்டின் ரத்த வெள்ளணுக்களுக்குள் புகுந்துகொள்ளும். முதலில் காதுக்குக் கீழே நெறி கட்டும். பிறகு கடும் காய்ச்சல். கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல் சில வாரங்களில் மாடு இறந்துவிடும். இப்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் மாடுகளுக்கு மேல் சாவதாக மதிப்பிடுகிறார்கள். அதிகம் சாவது கன்றுக்குட்டிகள்தான்.

மசாய் மக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களுக்குப் பால்தான் முக்கிய உணவு. உங்கள் வயதுப் பையன்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கன்றுகளை மேய்ப்பார்கள். ஒரு மாட்டை விற்றுத்தான் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் அங்கே ஏராளம். கன்று செத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நோயைக் குணப்படுத்த மருந்து இருக்கிறது. ஆனால் விலை அதிகம். காய்ச்சல் வந்த உடனே போட்டால்தான் பலன். அப்படியானால் வருமுன் காப்பது எப்படி?

கென்யாவின் நைரோபி நகருக்கு அருகில் முகுகா என்று ஓர் ஊர். அங்கிருந்த ஆராய்ச்சியாளர்கள் 1970-களில் விநோதமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உயிருள்ள கிருமியையே கன்றின் உடலுக்குள் செலுத்துவது! கூடவே, நீண்ட நேரம் வேலை செய்யும் டெட்ராசைக்ளின் என்ற மருந்தையும் ஊசியாகப் போட்டுவிடுவது. மருந்து கிருமியை ஆட்டம் போட விடாமல் அடக்கி வைக்கும். அதற்குள் கன்றின் உடல் எதிரியை அடையாளம் கண்டு, எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். ஒரே ஊசி, ஆயுள் முழுவதும் பாதுகாப்பு. மூன்று வகைக் கிருமிகள் கலந்திருப்பதால் இதற்கு 'முகுகா காக்டெயில்' என்று பெயர்.

இதைத் தயாரிக்கும் விதம்தான் வேடிக்கை. நோயுற்ற மாட்டின் மீது இளம் உண்ணிகளை விட்டு ரத்தம் குடிக்க வைப்பார்கள். அவை வளர்ந்ததும் முயல்களின் காதில் சில நாள் ஒட்ட விடுவார்கள். இப்போது உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி பெருகியிருக்கும். பிறகு உண்ணிகளைக் கழுவி, அரைத்து, வடிகட்டி... அந்தச் சாறுதான் தடுப்பூசி! என்ன, முகத்தைச் சுளிக்கிறீர்களா? 2008-ல் நைரோபியில் உள்ள பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப் பத்து லட்சம் ஊசிகளுக்கான மருந்தைத் தயாரித்தது. பிறகு மலாவி நாட்டின் லிலாங்வே நகரில் உள்ள ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மையம் அந்தப் பொறுப்பை ஏற்றது.

ஆனால் இதில் சிக்கலும் உண்டு. கிருமி உயிரோடு இருக்க வேண்டுமே! மைனஸ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜன் நிரப்பிய குடுவையில்தான் மருந்தை ஊர் ஊராகக் கொண்டு போக வேண்டும். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா மாதிரி ஒரு சின்னக் குழாயில் 40 கன்றுகளுக்கான மருந்து இருக்கும். வெளியே எடுத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். இரண்டே கன்று வைத்திருக்கும் ஏழை என்ன செய்வார்? அக்கம்பக்கத்தில் சொல்லி, 40 கன்றுகள் சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் உண்ணியும் முயலும் இல்லாமல், எளிதாகத் தயாரிக்கக்கூடிய புதிய தடுப்பூசியை விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தான்சானியாவின் வடக்கே மசாய் மக்கள் தங்கள் கைக்காசைக் கொடுத்தே இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். ஊசி போட்ட கன்றின் காதில் ஓர் அடையாள வில்லை மாட்டிவிடுவார்கள். சந்தையில் அப்படிப்பட்ட கன்றுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. அதனால் வாங்க வருபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு, காதையும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறார்!