தொட்டியில் விளைந்தது நம் வயலில் விளையுமா?



"நிலத்துல கரி போட்டா விளைச்சல் கூடுமாமே, அதுக்குக் குழுவுல கடன் கிடைக்குமா?" என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். கடன் வாங்கி மண்ணில் போடும் பணம் திரும்பி வரணும். அதனால் இதை விளக்கமாகப் பார்ப்போம்.

பயோசார் என்றால் என்ன?

விறகைத் திறந்த வெளியில் எரித்தால் சாம்பல். காற்றுப் புகாமல் மூட்டம் போட்டால் கரி. அந்தக் கரியைப் பொடித்து மண்ணில் கலப்பதுதான் பயோசார். கரியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைய உண்டு. அதில் தண்ணீரும் உரச்சத்தும் தங்கும். கரி சீக்கிரம் மக்காது. நம்ம ஊர் வேலிக்காத்தான் கரியைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

தொட்டி வேறு, வயல் வேறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானை முழுக்க ஒரே தீயில் வெந்தால்தான் அது சரி. ஆராய்ச்சித் தொட்டியும் நம் வயலும் ஒரே பானை இல்லை.

தொட்டியில் மண்ணைச் சலித்து, கரியைச் சீராகக் கலந்து, தண்ணீரை அளந்து ஊற்றுவார்கள். பல சோதனைகள் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். நம் வயலில் கட்டி இருக்கும், மேடுபள்ளம் இருக்கும். கோடையில் கரிசல் வெடிக்கும். பெருமழையில் கரி மிதந்து போகும்.

அளவையும் பாருங்கள். 5 கிலோ மண்ணுக்கு 100 கிராம் கரி, அதாவது 2 சதவீதம். கேட்க கொஞ்சமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண் சுமார் 850 டன். அதற்கு 2 சதவீதம் என்றால் 17 டன் கரி! இதற்குச் சுமார் 70 டன் காய்ந்த விறகு வேணும்.

நம்ம மண்ணுக்குச் சரியா?

பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. வெப்ப நாடுகளில் சராசரியாக 25 சதவீதம் விளைச்சல் கூடியது. குளிர் நாடுகளில் கூடவில்லை. வெப்ப நாடுகளில் சோதித்த மண் பெரும்பாலும் சத்துக் குறைந்த, அமிலத்தன்மை உள்ள மண். கரி அங்கே சுண்ணாம்பு போல வேலை செய்தது. நம் அரியலூர் மாவட்டமோ சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போனது. ஏற்கெனவே காரத்தன்மை உள்ள நிலத்தில் அந்த லாபம் கிடைக்காது. களர் நிலத்தில் நிறையப் போட்டால் பாதகமாகவும் ஆகலாம். திருமானூர் ஒன்றியத்திலேயே கொள்ளிடக்கரை வண்டலும் மேட்டுக் கரிசலும் ஒன்றல்ல.

நாமே சோதிப்போம்

1. முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேட்கலாம்.

2. பக்கத்துப் பக்கத்தில் ஒரு சென்ட் வீதம் இரண்டு பாத்தி பிரியுங்கள். இரண்டுக்கும் ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே அளவு தொழுஉரம். ஒன்றில் மட்டும் கரி. இல்லாவிட்டால் எருவின் பலனைக் கரியின் பலன் என்று நினைத்துவிடுவோம்.

3. நிலம் முழுக்கப் போட உங்களால் முடிகிற அளவையே போடுங்கள். சென்ட்டுக்கு 10 கிலோ என்றால் ஏக்கருக்கு ஒரு டன். புதுக்கரி தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எருவோடு சில வாரம் ஊறவைத்துப் போடுங்கள்.

4. அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். குழுவில் மூன்று பேராவது, இரண்டு போகமாவது செய்யணும்.

கரி கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் நோட்டில் லாபம் தெரிந்த பிறகு கடன் மனு எழுதுங்கள். அந்த நோட்டையும் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.