இல்லுறை சிலந்திகள்

சிலந்தி என்னும் சொல் தமிழில் எட்டுக்கால் உயிரையும் உடலிலெழும் கட்டியையும் ஒருங்கே குறிக்கும். இவ்விருபொருட் சேர்க்கை அச்சத்தை வளர்த்தது போலும். பொகவந்தலாவைத் தோட்ட லயங்களிற் பெருஞ்சிலந்தி தென்பட்டால் விளக்குமாறே முதலில் எழும். அடிக்குமுன் இனமறிதல் நன்று.

சுவரில் தட்டையாக ஒட்டி, கால்களை நண்டுபோற் பக்கவாட்டில் விரித்து, விரைந்தோடும் கபிலநிறச் சிலந்தியை அறிவியலார் 'ஹெட்டெரோபோடா வெனட்டோரியா' என்பர். இது வலை பின்னாது. இரவிற் கரப்பான்களை வேட்டையாடும். பெண் சிலந்தி வட்டத் தகடு போன்ற முட்டைப்பையை உடலின்கீழ் ஏந்தித் திரியும். நெருக்கினாலன்றிக் கடியாது, கடிப்பினும் வலியும் வீக்கமும் தாமே தணியும்.

அஞ்சத்தக்கது வேறொன்று. தடித்த உடலும் அடர்ந்த மயிரும் கால்களிற் கோலமும் உடைய 'பொசிலோதீரியா' என்னும் பேரினம் இந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரியது. அவற்றுள் நமது மலைநாட்டில் வாழும் 'சப்பஸ்கா'வை ஆங்கில விலங்கியலறிஞர் பொக்கொக் 1895இல் விவரித்தார். இப்பேரினத்தன மரப்பொந்துகளில் உறையும். சிலவேளை பழங்கட்டடங்களிலும் புகும். இவற்றின் கடி கடும்வலியையும் தசைப்பிடிப்பையும் தரும். எனினும் அதனால் எவரும் இறந்ததாகப் பதிவில்லை. கடிபட்டவரைப் பார்வை பார்ப்பதோடு நில்லாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

ஆகவே முன்னதை வாழவிடலாம், கரப்பான் குறையும். பின்னதைத் தொடாது விலகுவதோடு, விறகையும் பழந்தட்டுமுட்டுகளையும் தட்டிப்பார்த்தே கையிலெடுத்தல் வேண்டும்.