சேற்றில் உறையும் சமுத்திரம் (தொடர்ச்சி)

ஹாங்காங்கில் கடலின் ஒரு கிளையை அணையிட்டு அடைத்து, உள்ளே அகப்பட்ட உப்பு நீரை இறைத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்தப் பள்ளத்திலேயே மழைநீரைத் தேக்கிக் குடிப்பதென்ற துணிவான பிரயத்தனம் 1960-ல் தொடங்கிற்று என்று சென்ற வாரம் சொல்லி நிறுத்தியிருந்தேன். வேலை பாதியில் இருக்கும்போதே, 1963-ல், மழை பொய்த்து, நான்கு தினங்களுக்கொரு முறை நான்கே மணி நேரம் குழாயில் ஜலம் விடும் நிலை அந்நகரத்துக்கு வந்தது. வாளியும் தகரமும் கையுமாகச் சிறுவர்களும் மூதாட்டிகளும் வரிசையில் காத்துக் கிடந்த அந்த நாட்களை நினைத்தால், சமுத்திரத்திடமிருந்தே இடம் பறித்து நீர் சேர்க்க நினைத்தவர்களின் அவசரம் நமக்கு நன்றாக விளங்கும். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமான பிரதான அணையுடன் ப்ளோவர் கோவ் நீர்த்தேக்கம் 1968-ல் நிறைவெய்தியது. சீன மொழியில் அதற்கு வழங்கும் பெயர், ‘படகு வளைகுடா நன்னீர் ஏரி’ என்று பொருள்படும். பழைய கடலும் புதிய ஏரியும் ஒரே பெயருக்குள் குடியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆனால் கடலை இறைத்து வெளியேற்றிவிட்டதனால் உப்பு போய்விடுமா? அடியில் கிடக்கும் சேற்றை அள்ளிப் பார்த்தால், அதன் பருமனில் பாதியளவோ அதற்கு மேலோ நீராகவே இருக்கும். அது துகள்களின் இடுக்குகளில் தங்கிவிட்ட கடல் நீர். பாதியளவே நீர், லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழச் சேற்றுக்குள் 17.5 கிலோகிராம் உப்பு அடங்கியிருக்கிறது. அதன்மேல் பத்து மீட்டர் உயரத்துக்கு நல்ல ஜலம் நிற்பதாகக் கொள்வோம். அவ்வளவு உப்பும் கரைந்து மேலேறினால், லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிராம் சேர்ந்து, வாயில் வைக்கக் கரிக்கும்.

நல்லவேளையாக, உப்பு அப்படி ஒரேயடியாக ஏறிவிடுவதில்லை. மேலே செறிவு குறைந்த நீரும் கீழே செறிவு மிகுந்த நீரும் சந்திக்கும் எல்லையில் அது மெல்ல ஊடுருவி வெளியேறுகிறது. சேற்றின் மேற்படலம் சீக்கிரத்தில் உப்பை இழந்துவிட, ஆழத்திலுள்ள உப்போ அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு வரவேண்டியிருப்பதால், தூரம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகிறது. ஆழமற்ற தேக்கமாயின் பெருங்காற்று அலையெழுப்பி அடிச்சேற்றைக் கலக்கி, பல மாதங்களில் வரவேண்டிய உப்பை ஒரே நாளில் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. களிமண் துகள்கள் தம்மேல் பற்றி வைத்திருக்கும் சோடியம் இன்னும் பிடிவாதமானது.

ஹாங்காங்குக்கு வானம் துணை நின்றது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, ஏறும் உப்பை நீர்க்கச் செய்கிறது. வடசீனத்துத் தியான்ஜின் நகருக்கோ அதில் மூன்றிலொரு பங்கு மழைகூட இல்லை. அங்கே கடலோரத்து உவர்நிலத்தில் அமைந்த பெய்தாகாங் நீர்த்தேக்கத்தில், மஞ்சள் நதியிலிருந்து வெகுதூரம் கொண்டுவந்து நிரப்பிய நல்ல ஜலம், மேலே வெயிலுக்கு ஆவியாகியும் கீழே சேற்றின் உப்பை வாங்கியும் மாதத்துக்கு மாதம் கரிப்பேறுகிறது. அந்தத் தேக்கத்தின் கதையை வரும் வாரம் சொல்கிறேன்.